ஹாரனா, ஃபேனா

நீடாமங்கலம் கேட் சாத்தியிருக்கும்போதுதான்
முள் ஏறுகிறது.
ஓடினால் ஒன்றுமில்லை. நின்றால் கொதிக்கிறது.
தண்டவாளத்தில் சரக்கு ரயில்,
நெல் மூட்டையோடு நாற்பது பெட்டி,
இஞ்சினை முன்னாலிருந்து கழற்றிப் பின்னால் பூட்டுகிறார்கள்.
மாசி வெயில். என் பழைய ஆல்ட்டோவின் மூக்கில் ஆவி.

பின்சீட்டில் திரவ நைட்ரஜன் குடுவை,
அதற்குள் முப்பது உறைவிந்துக் குச்சிகள்,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
முன்னால் நூற்றுப் பத்துக்கு மேலே.
நடுவில் நான், கால்நடை மருத்துவர்.
வடபாதிமங்கலத்தில் விடிகாலையிலிருந்து கத்தும் மாட்டுக்குச்
சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டியவள்.

வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் சொன்னார், கேஸ்கட் போச்சும்மா.
டேங்கர் டிரைவர், மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க.
திறக்கவில்லை.
அப்படித் திறந்த ஒருவரின் முழங்கையைப் பார்த்திருக்கிறேன்.
போன மாதம் திருவாரூரில்
"நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு மேடம் தெர்மோஸ்டாட்" என்று
கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.
டேஷ்போர்டில் அது இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

நாற்பது நிமிடம் ஆறவிட்டு ஜெகபருக்குப் போன் போட்டேன்.
"ஹீட்டரை முழுசாத் திருப்புங்க டாக்டரம்மா,
கண்ணாடிய இறக்குங்க, எங்கேயும் நிக்காம வாங்க."
மாசி உச்சியில் ஹீட்டர்!
கூத்தாநல்லூர் வரைக்கும் இஞ்சினின் காய்ச்சலை
என் முழங்கால்கள் வாங்கிக்கொண்டன.

ஜெகபர் அலி முதலில் பானெட்டைத் தூக்கவில்லை.
"ஓடும்போதா, நிக்கும்போதா?"
நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன்,
தீனி எடுக்குதா, அசை போடுதா, சாணி எப்படி.
ஆயில் குச்சியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.
பால் கலந்த நிறமில்லை. கேஸ்கட் பிழைத்தது.
பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்ததும்
ஃபேன் சுற்றியது.
அது சாகவில்லை. யாரும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

பம்பரை இறக்கி, ரேடியேட்டருக்கு
உள்பக்கமிருந்து தண்ணீர் அடித்தார்.
அறுப்பு மிஷின்களுக்குப் பின்னால்
நான் அலைந்த இரண்டு மாதமும் வெளியே வந்தது.
பதர். வைக்கோல் தூசி. ஒரு தட்டான்.
அடித்தகட்டுச் சேற்றில் ஒரு நெல்
இரண்டு விரற்கடை முளைத்திருந்தது.
பையன் பிடுங்கப் போனான்.
"இருடா, இது சி.ஆரா, பொன்னியா?"
யாருக்கும் தெரியவில்லை. பிடுங்கிவிட்டான்.

தெர்மோஸ்டாட்டை டீக்கடை வெந்நீரில் போட்டார்கள்,
நாங்கள் மூன்று பேரும் டம்ளரை எட்டிப் பார்க்க
மெல்ல வாய் திறந்தது.
"நல்லா இருக்கிறத எவன் கழட்டினான்?"
மாட்டினார்.

பிறகு ஃபியூஸ் பெட்டியில்
கறுப்பு ரிலே ஒன்றைப் பிடுங்கினார். குலுக்கினார். முகர்ந்தார்.
பக்கத்திலிருந்த ஹாரன் ரிலேயை எடுத்து
அந்தக் குழியில் செருகினார். அதே அளவு, அதே நாலு கால்.
காத்திருந்தோம். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போனது.
க்ளிக்.
காற்று.

"புதுசு மன்னார்குடியிலேருந்து நாளைக்குத்தான் வரும்.
இன்னிக்கு ஒண்ணுதான். ஹாரனா, ஃபேனா?"

ஹாரன் இல்லாமல் போனேன்.
சாலையில் பாதி நெல் காய்ந்தது.
ஆடுகளிடம் ஏய் என்றேன், சைக்கிளிடம் அண்ணே என்றேன்,
மினி பஸ்ஸிடம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கினேன்.
வடபாதிமங்கலத்தில் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
மாட்டுக்கு ஹாரன் நன்றாக வேலை செய்தது.

திரும்பும்போது இருட்டு. நீடாமங்கலம் கேட்
திறந்திருந்தது.
பத்து வருடத்தில் முதல் முறையாக
எனக்கு அது பிடிக்கவில்லை.
ஓரங்கட்டினேன், இஞ்சினை அணைக்காமல்.
கடைசியில் மணி அடித்தது, கேட் இறங்கியது,
வரிசை முழுக்க வண்டிகளை அணைத்துவிட்டுச் சபித்தார்கள்.
என் முள் அசைந்தது.
மாட்டின் விலாவில் காது வைக்கிற மாதிரி
ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தேன்.

"என்னம்மா, கேஸ்கட் மாத்தியாச்சா?"
அதே வெள்ளரிக்காரர், கூடையில் கடைசி நாலு பிஞ்சு.
"இல்லண்ணே. ஹாரனைக் குடுத்துட்டேன்."
அவருக்குப் புரியவில்லை.
பத்து ரூபாய்க்கு நாலையும் வாங்கிக்கொண்டேன்.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.