மண் குறைஞ்ச காணி

சுவரை அளந்தார்கள். கூரைத் தகரத்தை எண்ணினார்கள்.
முன்வாசல் ஷட்டரை இரண்டு தரம் ஏற்றி இறக்கிப்
"பழசு" என்று எழுதினார்கள்.
குழியடிக்கு வந்ததும்
அளவுநாடா நின்றுவிட்டது.

வாகனங்களின் வயிற்றைப் பார்க்க நானே வெட்டிய குழி.
நாலடி அகலம், பன்னிரண்டடி நீளம்.
உள்ளே நின்றால் என் நெற்றி தரைமட்டத்தில்.
மார்கழியில் உவர்த்தண்ணி ஊறும்,
வாளியால் இறைத்துவிட்டு இறங்குவேன்.

மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்தார்.
"இது கட்டடமா, காணியா?"
நாடா பிடித்த பெடியன் சொன்னான்:
"காணிதான் சேர். மண் குறைஞ்ச காணி."
சிரிக்கக் கூடாதென்றிருந்தேன். சிரித்துவிட்டேன்.

அநுராதபுரச் சந்தியிலிருந்து வீதி அகலமாகிறது.
கடிதம் மூன்று மொழியில் வந்தது,
குலவீரசிங்கம் என்ற என் பெயர்
மூன்றிலும் வெவ்வேறு பிழையோடு.
நட்டஈட்டு விசாரணை, செவ்வாய், காலை ஒன்பதரை.

ஈடு எனக்குத் தெரியும்:
உறுதியை வங்கியில் வைத்துத்தான் கொம்பிரஷர் வாங்கினேன்.
நட்டமும் தெரியும்.
இரண்டும் ஒட்டிக்கொண்டு
ஒரே சொல்லாய் வீடு தேடி வந்தது இப்போதுதான்.

"தொழில் இழப்புக்கும் கேட்கலாம்" என்றார் அலுவலர்.
இரக்கமுள்ளவர்; மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.
"மூன்று வருசக் கணக்கு, வரிக் கோவை, பற்றுச்சீட்டு அடிக்கட்டை."
கிறீஸ் படிந்த சீ.ஆர். கொப்பியை நீட்டினேன்.

ஆலங்கேணி டிரக்டர், நெல் வெட்டின பிறகு.
ரிசானா டீச்சர் ஸ்கூட்டி, பாதி.
4417 ஓட்டோ, மகளுக்குக் காய்ச்சல், பார்ப்பம்.

புரட்டினார். மெதுவாய் மூடினார்.
"இது வருமானமில்லை ஐயா. வரவேண்டியது."

பற்றுச்சீட்டு வாழ்க்கையில் ஒன்றுதான் எழுதியிருக்கிறேன்.
போன ஆவணியில், இதே கந்தோரின் கெப்புக்கு,
பிரேக் பேட் மாற்றின கூலி.
கைக்கு வந்தது ஆறாயிரம்.
"ஒன்பதரை எண்டு போடுங்கோ அண்ணை,
பெட்டைக்கு ரியூசன் காசு கட்டோணும்."
அருமைத்துரை கேட்டான், போட்டேன்.
அதன் கார்பன் பிரதி என் சட்டைப்பைக்குள்.
எனக்கொரு தொழில் இருந்ததென்று
அரசாங்கம் முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட
ஒரே ஒரு தாள்,
அதில் மூவாயிரத்து ஐந்நூறு பொய்.

யன்னலுக்குக் கீழே அவன்
அதே கெப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.
அண்ணாந்து பார்த்துக் கையசைத்தான்.

"வேறேதும் இருக்கா?"

இல்லை என்றேன்.

வெளியே வாங்கில் பற்றறிக் கடை நியாஸ்தீன்.
என் சுவரில் பத்தி இறக்கிப் பதினொரு வருசம்,
உறுதியில் பெயரில்லை, வாடகைச் சீட்டுமில்லை.
ஒருவரும் அழைக்காமலே
தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.
"என்னையும் கூப்பிடுவாங்களா?"
நான் கன்ரீனில் இரண்டு பிளேன்ரீ சொன்னேன்.

ஐப்பசியில் பெக்கோ வந்தது.
சுவர் விழ ஒரு காலைப்பொழுது.
குழிக்குத்தான் நேரமெடுத்தது;
கொட்டக் கொட்டத் தண்ணி மேலே வந்துகொண்டேயிருந்தது.
"இரண்டரைக் கியூப் கிரவல் விழுங்கிட்டுது" என்றான் டிரைவர்,
ஏதோ நான் களவாய்த் தின்றதுபோல.

ஒரு கியூப் என்ன விலை என்று விசாரித்து
கொப்பியைத் திறந்து
4417 ஓட்டோவுக்குக் கீழே எழுதினேன்:
குழி, இரண்டரைக் கியூப்.
வரவேண்டியது.