ஓரமடிச்சான்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டால்
கூட்ஸ் வண்டி கடந்து முடிவதற்குள்
ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துவிடலாம்.
அப்படி ஒரு நேரத்தில்தான் பார்த்தேன்,
குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில்
இறுகச் சுருட்டிய அளவு நாடா போல
பச்சையாய் ஒன்று.

மறுநாள் அரை அங்குலம் அவிழ்ந்திருந்தது.
மாதம் முடிய ஒரு சாண்.

பிளம்பர் தேசிங்கு, ‘லீக்குச் செடி’ என்றார்.
“இது எங்க முளைக்குதோ
அங்க பைப்பு அழுவுதுன்னு அர்த்தம்.”
மேல்வீட்டு மெகருன்னிசா, ‘சீப்பு’ என்றாள்,
இரண்டு பக்கமும் பல் இருப்பதால்.
நான் இலையைத் திருப்பினேன்.
விளிம்பு நெடுகப் பழுப்பு நூலில்
நெருக்கமாய் ஓரம் அடித்திருந்தது,
என் மெஷினில் வராத தையல்.
‘ஓரமடிச்சான்’ என்று வைத்துக்கொண்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

கொசுப்புழு தேடி டிரம்மைத் திறக்க வந்த பியூலா
தாவரவியல் படித்தவளாம்.
“பெரணிக்கா இது. காட்டுல, மரத்து நெழல்ல வர்றது.
பூக்காது, காய்க்காது.
ஓரத்துல இருக்கிறது நூலில்ல, தூளு.
காத்துல போயி எங்கயாவது ஒக்காந்துக்கும்.”

எதிர்வீட்டு தனபாக்கியத்துக்குப் பாதிதான் கேட்டது.
“பரணியா? எம் புள்ளயும் பரணிதான்.
தரணி ஆள்வான்னாங்க.
ஹார்பர்ல லாரி கழுவுறான்.”

மணலிக் காற்று திரும்பும் ராத்திரிகளில்
சுவரும் சேர்ந்து நாறியது.
மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது.
‘இடம்’ என்ற கட்டத்தில்
‘பெரணி இருக்கும் சுவர்’ என்று நானே எழுதினேன்.

நாற்பது நாள் கழித்து வந்தார்கள்.
புதுக் குழாய் மாட்டி, சிமெண்ட் பூசி,
சுவரைக் காயவைத்துப் போனார்கள்.
நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினொரு நாள் தாங்கியது.
இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியால்
காலையும் மாலையும் அடித்துப் பார்த்தேன்.
சூடு அதிகமான நைலான் மாதிரி
நுனியிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

தண்ணீர் கேன் போடும் பையன்
இன்னமும் போனில் கேட்கிறான்:
“பெரணி வீடாக்கா?”
ஆமாம் என்கிறேன்.

நேற்று தனபாக்கியத்தின் சுவரில் ஈரம்.
திட்டிக்கொண்டே காட்டினாள்.
குனிந்து, விரிசலோரம் விரலை ஓட்டினேன்.
பாசிதான். வேறெதுவும் இல்லை, இதுவரை.
மனுவை நீட்டினாள்.
பேனா இல்லையே என்றேன்,
நாளைக்குப் போடுறேன் என்றேன்,
காதில் செருகிய பென்சிலோடு.