இரண்டாம் இரவு

நடுவர் ஒருவருக்குச் சிறுநீரகக் கல்.
அந்த நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
தகுதி என்று பெரிதாக ஒன்றுமில்லை:
திரையரங்கின் மேல்மாடியில் என் பட்டறை,
கூப்பிட்டால் செருப்போடு இறங்கி வந்துவிடுவேன்.

குத்தாயிசியில் மார்ச் மழை.
ரியோனி ஆறு பாலத்தை முழங்கால் வரை விழுங்கியிருந்தது.
நாவலிலிருந்து எடுத்த நல்ல படத்துக்குப் பரிசு.
வந்த படங்கள் ஐந்து.
நான் படித்த நாவல்கள்...
சரி, அதை விடுங்கள்.

நான்காவது படம்.
சுரங்க ஊரின் பழைய ரோப்கார்
பள்ளத்தாக்கின் நடுவே நின்றுபோகிறது.
உள்ளே அதை ஓட்டும் பெண், யாரோ ஓர் ஆண்.
விடிய விடியப் பனி.
அவளிடம் ஒரு ஜோடி கையுறை.
ஒன்றைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள்.
பிறகு இருவரும் கையுறை இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வெகுநேரம் சன்னலைப் பார்க்கிறார்கள்.
அவ்வளவுதான் காட்சி.
என் வலது கை கோட்டுப் பைக்குள் போயிருந்ததை
விளக்குப் போட்ட பிறகுதான் கவனித்தேன்.

"கொலை" என்றார் ஜும்பர்.
மூன்று பாகங்களையும் மேசைமேல் வைத்தார்.
பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு முளைத்திருந்தது.
"நாவலில் பெட்டி நிற்பது இரண்டு இரவு.
இரண்டாம் இரவில்தான் அவன் பொய் சொல்கிறான்.
அந்த இரவையே வெட்டி எறிந்துவிட்டார்கள்.
கையுறையாம் கையுறை!
எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

லமாரா கண்ணாடியைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.
"அந்த நாயையும் விட்டுவிட்டார்கள், இல்லையா?"
"நாயை எப்படி மறக்க முடியும்" என்றேன்.
"எந்த நாய்?" என்றார் ஜும்பர்.

மழைச் சத்தம் நன்றாகக் கேட்டது.
லமாராவின் காது மடல் சிவந்தது.
என்னுடையதும் சிவந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

ஒப்புக்கொண்டேன், வேறு வழி?
ஜும்பர், நான் பல் செய்கிறவன்.
மருத்துவர் அனுப்பும் அச்சுதான் என் மேசைக்கு வரும்,
வாய் வராது.
அது யாரைத் திட்டியது, எந்தக் கல்யாணத்தில் பாடியது,
யாரோடு பேசாமல் எத்தனை வருடம் இருந்தது
ஒன்றும் தெரியாமல்தான்
இருபத்தாறு வருடமாய் மெழுகு இழைக்கிறேன்.
பொருந்தாத பல் வாரத்துக்குள் திரும்பி வந்துவிடும்.
இது திரும்பி வராது.

"அச்சைக்கூடப் பார்க்காமல் செய்ததில்லையே நீ" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை.

இரண்டுக்கு ஒன்று. பரிசு கையுறைக்கு.
நாயை வளர்த்தவர்கள் இருவரும் ஒரே பக்கம்.

படியில் லமாரா மெதுவாகச் சொன்னாள்:
"முதல் பாகத்தில் நாற்பது பக்கம் படித்தேன்.
அதுவரை நாய் வரவில்லை.
வரும் என்று தோன்றியது."

ஜும்பர் மூன்று பாகங்களையும் என் கையில் திணித்தார்,
சீட்டுகளோடு.
ஏப்ரல் முழுக்க அவை குளிர்பெட்டி மேல் கிடந்தன.
மே மாதம் ஒரு ராத்திரி மின்சாரம் இல்லை.
மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கைப் பக்கத்தில் வைத்து
இரண்டாம் பாகத்தை நடுவில் திறந்தேன்.

அவன் பொய் சொன்னான்.
நல்ல பொய்.
அவள் நம்புவதற்கு முன்பே நான் நம்பிவிட்டேன்.
பிறகு ஒரு வரி: அவள் விரல்கள் மரத்துப்போயின.
பக்கத்தைத் திருப்பினேன்.
இன்னொன்று. இன்னொன்று.
விடிந்தது, பெட்டி நகர்ந்தது, அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஜும்பரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.
"என்ன, படித்தாயா?"
"படித்தேன்.
கையுறையை விட்டுவிட்டார்கள்."