பத்து இலக்கம்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம் மட்டும் காலி.
இரத்த வகை எழுதிவிட்டேன், ஓ நெகட்டிவ்.
'அரிதாச்சே' என்று ரஹ்மத்துல்லா
தன் கடை பிரேக் ஷூக்களுக்கு நடுவே
எனக்காக ஒருமுறை கவலைப்பட்டார்.
வண்டி: புல்லட். மூன்றாவது ஓனர் நான்.
வேலை: மின்வாரியம், குந்தா அணை.
மணிக்கொரு தரம் நீர்மட்டம் பார்த்துப்
பேரேட்டில் பதிகிறவள்.
ஒன்பது:
விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

ஒரு எண் மனப்பாடமாக இருந்தது.
பழக்கத்தில் பேனா
முதல் நான்கு இலக்கத்தை எழுதியே விட்டது.
அடித்தேன். அடித்த இடத்தில் தாள் கிழிந்தது.
'அப்புறம் எழுதிக்கலாம்' என்றார்,
கிழிசலைப் பார்க்காதவர் போல.

மூன்று ஓட்டம் முடித்தால்தான் பச்சைப் பட்டை.
மூன்றிலும் நீங்கதான் கடைசி வண்டி,
என்றார் கேப்டன் போஜராஜன், பல் டாக்டர்,
வாயைத் திறக்கச் சொல்லும் அதே குரலில்.
'கண்ணாடியில பின்னால வர்ற வெளிச்சத்தைப் பாருங்க.
அது காணோம்னா நின்னுடணும். அவ்வளவுதான் சங்கம்.'
எனக்குப் பின்னால் யார் என்று கேட்டேன்.
'மூடுபனி' என்றார். சிரிக்கவில்லை.

முதல் ஓட்டம் அவலாஞ்சி. மழை, வேறொன்றுமில்லை.
இரண்டாவதில் என் கிளட்ச் வயர் அறுந்து
கோத்தகிரிப் பாதையில் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தேன்.
மூன்றாவது கெத்தை.

மஞ்சூர் தாண்டி இறங்கினால்
நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள்.
பலகையில் எண்கள் குறைந்துகொண்டே வரும்,
மதகு திறந்த நாளின் என் பேரேடு மாதிரி.
எனக்கு முன்னால் டைட்டஸ், பேக்கரிக்காரர்.
அவர் ஜாக்கெட்டிலிருந்து வர்க்கி வாசம்
இரண்டு வளைவு வரை கூட வந்தது.
பிறகு பனி எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது,
சிவப்பு விளக்குகளைத் தவிர.

எண்ணுவது என் பிழைப்பு.
சாலை மடங்கும் இடத்தில் மட்டும்
முழுச் சரமும் கீழே தெரியும்.
முப்பத்தெட்டில் பதினொன்று.
முப்பத்து மூன்றில் பதினொன்று.
இருபத்தொன்பதில் பன்னிரண்டு.

குறைந்தால் ஹாரன் அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
கூடினால் என்ன செய்வதென்று சொல்லவில்லை.

பனி ஒரு நிமிடம் விலகியது.
சரத்தின் நடுவே ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.
ஹெல்மெட்டின் மேல் சாக்குக் கொங்காணி,
பின்னால் கட்டிய தூக்குவாளி.
யானைத் தடத்தைத் தனியாகக் கடக்க மனமில்லாமல்
எங்கோ ஒரு திருப்பத்தில் காத்திருந்து
எங்களுக்குள் நுழைந்துகொண்டவர்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் இடம் விட்டார்கள்.
முப்பதுக்கு மேல் போகாத வண்டிக்காகப்
பெரிய இன்ஜின்களெல்லாம் இரண்டாம் கியரில் முனகின.

பதினெட்டில் ஒடித்துப் போட்ட மூங்கில்.
பக்கத்தில் யானைச் சாணி, ஆவி பறக்க.
நான் தயங்கியது அரை நொடி.
டைட்டஸின் பிரேக் விளக்கு எரிந்தது.
அவருக்கு முன்னால் இன்னொன்று,
அதற்கு முன்னால் இன்னொன்று,
மடிப்பு மடிப்பாகச் சிவப்பு இறங்கி
கண்ணுக்குத் தெரியாத போஜராஜன் வரை போனது.
மலையே எனக்காக நின்றது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
பன்னிரண்டு வண்டி நின்றது.
கட்டைவிரலை உயர்த்தினேன். நகர்ந்தார்கள்.

மின்நிலையத்துக்குப் பாதை பிரிகிற இடத்தில்
கொங்காணிக்காரர் இடக்கையைத் தூக்கினார்.
நன்றியோ, திரும்புகிறேன் என்ற சைகையோ.
அவர் இரத்த வகையை யாரும் கேட்கவில்லை.
மறுபடி பதினொன்று.

வெள்ளியங்காட்டு டீக்கடையில்
ரஹ்மத்துல்லா படிவத்தை எடுத்தார்.
கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தார்.
ஒன்பதில் எழுதினேன்:
அப்போது எனக்கு முன்னால் போகிறவருக்கு.

படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து
இன்னொரு தரம் படித்தார்.
'இது செல்லாதும்மா. பத்து இலக்கம் வேணும்.'

வாயில் வடையோடு டைட்டஸ்
தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்.
ஆறு இலக்கம் வரை வந்தது.
அதற்கு மேல் அவருக்கே ஞாபகமில்லை.