துளைக்குக் கழிவு

முப்பத்தொரு வருஷத்தில் பதினேழு கல்.
அதில் ஐந்துதான் வைத்த இடத்தில் இருக்கின்றன.
ஒன்று, பானஸ்வாடி மேம்பாலத்தடியில்
டிராஃபிக் போலீஸ் அடித்த கறுப்பு மஞ்சள் பட்டையோடு
தன்னைத் தூண் என்றே நம்பிவிட்டது.
இன்னொன்றின் தோளில் ஓர் ஆட்டோக்காரர்
காலையில் ஈரத்துண்டு காயப்போடுகிறார்.
நன்றாகக் காய்கிறது.
வெயில் வாங்கும்படி அந்தத் தோளைச் சாய்த்தவள் நான்தான்.

மாநகராட்சி எஸ்டிமேட்டில் சிற்பத்துக்குத் தலைப்பு கிடையாது.
'கருங்கல் வேலை, மெருகிட்டது, கன மீட்டர் ஒன்றுக்கு'
என்ற வரியில் வருவேன்.
மேலே மழைநீர் வடிகால்.
கீழே நடைபாதை ஓரக்கல்.

ஹெண்ணூர் கிராஸுக்கு ஒன்று கேட்டார்கள்.
சாதரஹள்ளியிலிருந்து ஒன்பது டன் வந்து இறங்கியது.
பார்த்ததும் தெரிந்துவிட்டது,
அதன் நடுவில் கல் அதிகம்.

நான் இந்தப் பக்கம், தப்ரேஸ் அந்தப் பக்கம்.
லிங்கராஜபுரத்துத் தகரக் கொட்டகையில் நாலு மாசம்.
கிரைண்டர் ஓய்ந்தால் கேட்கும்
எங்கள் இருவர் இருமலும், முறைவைத்து.
மே மாதம் ஒரு வியாழக்கிழமை
என் உளி காற்றில் போய் விழுந்தது.
அந்த ஓட்டை வழியே கையை நீட்டி
தப்ரேஸ் என் கையைக் குலுக்கினான்,
முதன்முதலாகச் சந்திப்பவன்போல.
இரண்டு பக்கமும் விரல் கனம் விலகிச் சேர்ந்திருந்தன.
அந்த விளிம்பை மட்டும் இழைக்காமல் விட்டேன்.

அளவெடுக்க ஜூனியர் இன்ஜினியர் நாகபூஷண் வந்தார்.
உயரம். அகலம். தடிமன்.
பிறகு டேப்பைத் துளைக்குள் விட்டார்.
"இல்லி கல்லே இல்லவல்லா, மேடம்."
இல்லைதான், என்றேன்.
அது இல்லாமல் போகத்தான் நாலு மாசம்.
"ஜன்னலுக்குக் கழிப்போம். கதவுக்குக் கழிப்போம்.
ரூல்."
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு கன மீட்டர்
சிவப்பு மையில் கழிந்தது.
கெட்டவர் இல்லை.
போகும்போது தலையை உள்ளே நுழைத்து
மறுபக்கம் போகும் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஆடிட்டருக்கு வேறு சந்தேகம்:
கழித்த கல் எங்கே போயிற்று?
ஐயா, கொஞ்சம் உங்கள் சாலைக் குழிகளுக்கு.
கொஞ்சம் என் சாப்பாட்டு டப்பாவில்.
மிச்சத்தை ஒரு டாக்டர்
எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.
கடைசி வரியை எழுதவில்லை.
பில் பதினான்கு மாசத்தில் பாஸாயிற்று.

ஹெண்ணூர் கிராஸ் அதற்குள் துளையை எடுத்துக்கொண்டது.
தெருக் கூட்டும் கௌரம்மாவின் தூக்குச்சட்டி அங்கே.
மழையென்றால் ஒரு பள்ளிக்கூடப் பெண்
காலை மடக்கி உட்கார்ந்து போன் பேசுவாள்.
யார் யாரோ உட்கார்ந்ததில்
என் கை தராத ஒரு வழவழப்பு அடியில் வந்திருந்தது.
அதற்கு நான் பில் போடவில்லை.

பிறகு மெட்ரோ.
நோட்டீஸ் என் பெயருக்கு வரவில்லை; கௌரம்மா சொல்லி அனுப்பினாள்.
இரவு ஒன்றரை மணிக்கு ஸ்வெட்டரோடு போய் நின்றேன்.
கிரேன் ராம்கிஷோருடையது. ஊர் சம்பாரன்.
மெருகில் பெல்ட் இரண்டு முறை வழுக்கியது.
பீடியை அணைத்துவிட்டுக் கல்லை ஒரு சுற்று சுற்றினான்.
பெல்ட்டைத் துளைக்குள் கோத்தான்.
"எவனோ விவரமானவன்.
தூக்குவதற்கென்றே ஓட்டை விட்டிருக்கிறான்,"
என்றான் இந்தியில், என்னிடமே.

கல் எழும்பியது.
மெதுவாகத் திரும்பியது.
துளைக்குள் ஒரு தெருவிளக்கு வந்தது,
பேக்கரிப் பலகை வந்தது,
விழித்துக்கொண்ட ஒரு நாய்.
எட்டு டன் கனத்தையும்
அந்த இல்லாத இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது கிடங்கில் இருக்கிறது,
முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 46,
உடைந்த விளக்குக் கம்பங்களுக்கு நடுவே.
நாகபூஷண் ரிட்டயராகி மைசூரில் இருக்கிறார்.
விஷயம் கேள்விப்பட்டு நேற்று போன் செய்தார்.
கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"துளை பத்திரமா, மேடம்?"

டேப்போடுதான் போயிருந்தேன்.
குறையவில்லை, என்றேன்.