மொய் மேசை

நீடாமங்கலம் ரயில்வே கேட்
சும்மாவே நாளைக்குப் பத்து முறை அடைபடும்.
எங்களால் அடைபட்டது ஒரே முறை.
குறுவை நாற்று நாற்பது நாள் தாண்டி
நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருந்த வருஷம்.

பெண்களுக்குத் தனி வேன்.
கொண்டுபோய் அடைத்தது கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம்
வாசலில் இன்னும் வாடவில்லை.
மதியம் எலுமிச்சைச் சாதம், ஒரு அப்பளம்.
பரிமாறிய பெண் காவலர்
எனக்கு மட்டும் இரண்டாவது அப்பளம் வைத்தார்.

ஆறு மணிக்கு ஆய்வாளர் மைக் பிடித்தார்:
“கேஸு கீஸு ஒண்ணும் கெடையாது.
எச்சரிக்கை பண்ணி விட்டுர்றோம்.
பேரு ஊரு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க.”
மொய் எழுதும் மேசையில்
மொய் எழுதுவது போலவே எழுதினார்கள்:
தையல்நாயகி, த/பெ வீராசாமி, வயது பத்தொன்பது.

எச்சரிக்கை என்ற சொல்லை அதுவரை
இரண்டு இடத்தில்தான் பார்த்திருந்தேன்.
டிரான்ஸ்பார்மரில், மண்டையோட்டுக்கு மேலே.
கொள்ளிடத்தில் தண்ணீர் திறக்கும்போது
ஆட்டோவில் கட்டிய குழாயில்.
இரண்டிலும் ஆபத்து அங்கே இருக்கும்,
நாம் விலகிக்கொள்ளலாம்.

மூன்று வருஷம் கழித்து
திருச்சி கன்டோன்மென்டில், மொபைல் கடைக்கு மேல்மாடி.
விமான நிலையத் தரைப்பணிப் பயிற்சி, நான்கு மாதம்.
கட்டணம் எண்பத்திரண்டாயிரம்.
அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது,
மீதி மகளிர் குழுவில்.
சீருடை மூவாயிரத்து ஐந்நூறு.
கறுப்பு ஷூ ஆயிரத்து இருநூறு;
விடுதிச் செலவை நான் வீட்டில் முழுதாகச் சொன்னதில்லை.

பெட்டியைப் பார்த்தாலே எடை சொல்வேன்.
இருபத்து மூன்று கிலோ, அரைக்கிலோ முன்னே பின்னே.
ஷெரின் மிஸ் ஆச்சரியப்பட்டார்.
அப்பா கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ சிப்பம் தூக்குகிறவர், மிஸ்.

உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும்,
சீட்டுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு.
பதினான்காம் கட்டம்: எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா?
கேஸ் கீஸ் ஒன்றும் கிடையாதே.
இல்லை என்று டிக் அடித்தேன்.

பதில் வந்தது:
பாதகக் குறிப்பு உள்ளது. தகவல் மறைக்கப்பட்டுள்ளது.
உட்கார்ந்தது ஒன்று,
உட்கார்ந்ததைச் சொல்லாதது இன்னொன்று.

“ரசீதுக்குப் பின்பக்கம் படிச்சீங்களாம்மா?”
அலுவலகத்தில் கேட்டார்கள்.
படித்தேன், அங்கேயே நின்று.
ஒன்பதாவது விதி, வெளிர் சாம்பல் எழுத்தில்.
அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் பொறுப்பல்ல.

பத்து ரூபாய் வில்லை ஒட்டி
தகவல் கேட்டு எழுதினேன்.
நாற்பத்தோராம் நாள் ஒற்றை வரி:
மேற்படி தேதியின் பதிவேடு கிடைக்கப்பெறவில்லை.
தாள் தொலைந்துவிட்டது.
கணினியில் என் பேர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.
மன்னார்குடி வக்கீல் சொன்னார்,
“அழிக்கலாம், சென்னைக்குப் போகணும்,
மொதல்ல ஒரு பதினஞ்சு ரெடி பண்ணுங்க.”

அப்பா பேரும் அன்றைக்கு எழுதப்பட்டதுதான்.
எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி நின்றார்.
சிப்பம் தூக்க யாரும் சான்று கேட்பதில்லை.
இந்த விஷயத்தை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
சங்கிலியின் வட்டிச் சீட்டு வந்தால்
அவர் வெற்றிலை வாங்கப் போய்விடுவார்.

தண்ணீர் அந்த வருஷம் வந்தது, ஒன்பதாம் நாள்.
முற்றின நாற்றையே நட்டோம். பாதி தேறியது.
இன்னொரு முறை என்றாலும் உட்காருவேனா?
கேட்டு வையுங்கள், இப்போது பதில் இல்லை.

உரக்கடையில் பில் போடுகிறேன்.
கறுப்பு ஷூ இப்போதுதான் காலுக்குப் பழகியிருக்கிறது.
யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ என்று
அச்சடித்திருக்கும்; ஒன்று குறைவதை
கண்ணாலேயே சொல்லி
முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஷெரின் மிஸ்ஸின் நிறுவனம்:
புதிய பேட்ச் ஆரம்பம்,
பழைய மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.
கீழே விண்ணப்பம்.
பதினான்காம் கட்டம்
இப்போது பதினாறுக்குப் போயிருக்கிறது.