கடைசிக் குழி

கடைசிக் குழியில் நான் எதையும் இடவில்லை.
உப்புநீர் மட்டும்.
அது இருட்டாக இருக்க வேண்டும்,
அந்த ஒரு வேலைக்குத்தான்
தொண்ணூற்றாறு குழிகளில் அதற்கும் ஓர் இடம்.

யேனாவில் பிப்ரவரி. ஸாலே ஆற்றின்மேல் பனிமூட்டம்.
கடைசி டிராமும் போய்விட்டது.
கருவி காட்டுகிறது: நாலாயிரத்துச் சொச்சம்.
ஒன்றுமில்லாததற்கு
நாலாயிரத்துச் சொச்சம் வெளிச்சம்.

இந்த எண்ணை நம்பினால்
நெஞ்செரிச்சலோடு வந்த ஒருவரை
மாரடைப்பு என்று சொல்லிக்
கட்டிலில் கிடத்திவிடுவார்கள்.
அவர் மனைவி வராந்தாவில்
யார் யாருக்கோ போன் செய்வாள்.

யூரோப்பியத்தின் குணம் இப்படி:
ஒரு மின்னல் காட்டி அணைத்தால்
இரத்தத்தில் உள்ள எல்லாமே பதில் சொல்லும்.
புரதம் சொல்லும், பிளாஸ்டிக் தட்டு சொல்லும்,
தூசிகூடச் சொல்லும்,
கேள்வி முடியுமுன்னே கைதூக்கும்
முதல் பெஞ்சுக்காரர்கள் மாதிரி.
அந்த இரைச்சல் உடனே அடங்கிவிடும்.
அதற்குப் பிறகும் ஒருவன் பேசிக்கொண்டிருப்பான்
நிதானமாக, சிவப்பாக.
அவன்தான் நம் ஆள்.
ஒரு நொடியை இரண்டாயிரத்து ஐந்நூறாக வெட்டி
அதில் ஒரு துண்டு நேரம் சும்மா இருந்துவிட்டு
அப்புறம் காது கொடுக்க வேண்டும்.
எட்டு வருடப் படிப்பு
அவ்வளவுதான்.

அவ்வளவும் படித்த நான்
இன்று பிற்பகல் மூன்றேகாலுக்குச்
சும்மா இருக்கவில்லை.
ஹார்ட்விக்குக்கு எழுதினேன்:
‘மாசு கலந்துவிட்டது. காரணம், பயிற்சி மாணவி.’
பெயரைக்கூட எழுதவில்லை.
யோர்டிஸ்.
அப்போல்டாவிலிருந்து ரயிலில் வருகிறவள்.
போகும்போது கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி
நாளைக்கு வரலாமா என்றாள்.
வா என்றேன், திரையைப் பார்த்தபடியே.

இப்போது விளக்குகளை அணைத்துவிட்டேன்.
கையில் புறஊதா விளக்கு, கண்ணில் மஞ்சள் கண்ணாடி.
ஒற்றைத் துகள் யார் கண்ணுக்கும் படாது,
கூட்டம் சேர்ந்தால் மாட்டிக்கொள்ளும்.

முதலில் அவள் மேசை.
இருட்டு.
பிப்பெட்டுகள் இருட்டு. நாற்காலி இருட்டு.
குறிப்பேட்டில் மார்க்கர் மை மட்டும் கத்தியது:
‘கையுறை மாற்று!!!’
மூன்று ஆச்சரியக்குறி. ஜெர்மன் மொழியில்,
குழந்தைக் கையெழுத்தில்.

பிறகு, சிவப்பு.
உறைபெட்டியின் கைப்பிடியில் நான்கு விரல்.
ஸ்விட்சில் ஒன்று.
என் விசைப்பலகையில் வரிசையாக,
கார்த்திகை விளக்கு வைத்தாற்போல,
நான் அந்த வரியை எழுதிய எழுத்துகள்.
எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக
என்டர் பொத்தான்.

கைக்கடிகாரத்தின் வார் தணலாக இருந்தது.
செவ்வாய்க்கிழமை. ஞாபகம் வந்துவிட்டது.
தூள் புட்டியைத் திறந்து வைத்துவிட்டு,
பேக்கரி மூடிவிடுமோ என்று
அதே கையுறையால் சட்டைக் கையை விலக்கி
மணி பார்த்தேன்.
ஒரு எள்ளு ரொட்டிக்காக.

பணப்பையைத் திறந்து பார்த்தேன்.
இருபது யூரோ நோட்டுக்குள்
சில இழைகள் தாமாகவே மின்னின.
அவை மட்டும் என் குற்றமில்லை.

கைகழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி.
காதுக்குக் கீழே, சொறிந்த இடத்தில்,
சிறிய சிவப்புக் கோடு.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
இந்த முறை கொஞ்சம் அதிக நேரம்.

கை கழுவி, புதுக் கையுறை மாட்டி,
‘காரணம்: நான்’ என்று எழுதினேன்.
அனுப்ப வேண்டுமென்றால்
அதே பொத்தானைத் தொட வேண்டும்.
தொட்டேன். விரல்நுனி சிவந்தது.
அந்தக் கையுறையையும் கழற்றி எறிந்தேன்.

யோர்டிஸுக்குத் தனியாக ஒன்று எழுதப் பார்த்தேன்.
மூன்று தடவை அழித்தேன்.
எட்டே காலுக்கு ரயில் வரும்,
நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

வாரை உறையில் கட்டி வெளியே வைத்தேன்.
ஆல்கஹாலால் எல்லாம் துடைத்தேன்.
புதுத் தட்டு. கடைசிக் குழி.
மின்னல். பொறுத்தல். எண்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

இன்னும் எங்கேயோ இருக்கிறது.
துணியை மறுபடி நனைத்தேன்.